இரண்டு குளத்து நெருப்பு

தர்மபுரியிலிருந்து வந்திருந்த பொறியாளர் பர்வீன் குளத்தங்கரையில் குனிந்து, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து எடுத்தார். விரல் நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். மழை விட்ட பிறகு மொட்டை மாடியில் அடிக்கும் வாசனை.

“இதுவா எரியுது?”

“இதேதான் மேடம்,” என்றாள் ஆதிரை. “ஆனா இப்படியே எரியாது. வடிகட்டிப் பிழிஞ்சா எண்ணெய் வரும். அது மோட்டாருக்கும் வண்டிக்கும் போயிரும். மிஞ்சுற சக்கையை மூடின தொட்டியில புளிக்க விட்டா வாயு வரும். அது வீட்டு அடுப்புக்கு.”

“பச்சையா வளர்ந்து நீலமா எரியுது.”

“வெயிலைத்தான் மேடம் எரிக்கோம். விறகும் அப்படித்தான். மரம் இருபது வருஷம் வெயிலைச் சேத்து வைக்கும். பாசி ஒரு வாரத்துல சேத்துரும். அதுக்குப் பொறுமை கெடையாது.”

பர்வீன் சிரித்தார். அவருடன் வந்தவர்கள் குளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீள்வட்ட வடிவில் வெட்டி, நடுவே சுவர் வைத்த ஆழமில்லாத குளம். ஒரு முனையில் துடுப்புச் சக்கரம் மெல்லச் சுற்ற, பச்சைத் தண்ணீர் செக்குமாடு போல அலுக்காமல் வட்டம் வந்தது. உவர்மேட்டில் நிலத்தடி நீர் அவ்வளவும் உப்பு. நெல்லுக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. இந்தப் பாசிக்கு அந்தத் தண்ணீர்தான் பிடித்திருந்தது.

“புகையையும் பாசிக்கே குடுத்துடறீங்களாமே?”

“புகைதான் அதுக்குச் சோறு மேடம். வெறும் காத்துல இருக்கிற கரியமில வாயு அதுக்குக் கஞ்சித்தண்ணி மாதிரி, காணாது. ஊர்ல பெருசா எங்க எரிஞ்சாலும் புகையைக் குளிர வச்சு, சுத்தம் பண்ணி, குழாய்ல இங்க கொண்டு வந்துருவோம். அரிசி ஆலை, சுண்ணாம்புக் காளவாசல்...” ஆதிரை சற்று நிறுத்தினாள். “சுடுகாடு.”

“அதுக்கும் ஜனங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க.”

பர்வீன் தலையாட்டிக்கொண்டே வரப்பைத் தாண்டி அப்பால் பார்த்தார். அங்கே இதே அளவில், இதே வடிவில் இன்னொரு குளம். இதே போல ஒரு துடுப்புச் சக்கரம், ஒரு பம்பு அறை, வாயுவைத் தேக்கி வைக்கும் வெள்ளைக் கலம். ஒரு பொருளைக் கண்ணாடிமுன் வைத்த மாதிரி இருந்தது.

“ஏன் ரெண்டு? ஒண்ணே பெருசா வெட்டியிருந்தா செலவு பாதிதானே?”

வருகிற எல்லாருமே கேட்கும் கேள்வி. ஆதிரையிடம் பதில் தயாராக இருந்தது. “ஒண்ணுக்கு நோய் வந்தா இன்னொண்ணு கை கொடுக்கும் மேடம்.”

“நல்ல யோசனை,” என்றார் பர்வீன்.

அது பொய்யில்லை என்பதுதான் ஆதிரைக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

வானத்துக்குப் புகை விடக்கூடாது என்று சட்டம் வந்து, விறகுச் சிதைக்கும் தடை வந்த வருடம், இந்த ஊருக்கு ஒரே ஒரு குளம்தான் திட்டமிட்டிருந்தார்கள். அதை விளக்கக் கூட்டிய கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “கீழத்தெருக்காரங்க புகையும் இதுலதான் வருமா?” என்று கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். கீழத்தெருவுக்கும் ஊருக்கும் சுடுகாடு எப்போதும் தனித்தனிதான். பிணத்தின் புகையைத் தின்று வளரும் பாசி அடுப்பில் எரியும் என்பதைக்கூட ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிவது நம்மவர் புகையாக இருந்தால் போதும் என்றது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டதால் அரசாங்கம் இறங்கி வந்தது. இரண்டு எரிமேடை, இரண்டு குளம், இரண்டு கலம், இரண்டு வரிசைக் குழாய். மேல்குளத்து வாயு ஊருக்கு, கீழ்க்குளத்து வாயு கீழத்தெருவுக்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எதுவும் போகக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டு, குளத்துக்குப் பொறுப்பாளரும் அந்தந்தப் பக்கத்து ஆளாகவே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஆதிரை ஊர்ப் பெண். கீழ்க்குளத்துக்குச் சந்தனகுமார்.

விருந்தினர் வண்டி கிளம்பிப் போன புழுதி அடங்குமுன் ஆதிரையின் கைபேசி ஒலித்தது. சந்தனகுமார்தான்.

“ஆதிரை, அம்மா போயிட்டா.”

குரலில் அழுகை இல்லை. களைப்பு இருந்தது.

“எப்போ?”

“இப்பதான். காப்பி கேட்டா. போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள.”

*

கீழத்தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இழவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும் வரை அடுப்பு மூட்டுவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வழக்கம். மெயின் ரோட்டுக் கடையிலிருந்து பெரிய கேனில் தேநீர் வந்திருந்தது. பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் முத்துச்செல்வி படுத்திருந்தாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு நேரம் சும்மா கிடந்து ஆதிரை பார்த்ததில்லை.

பத்து வருடம் கீழ்க்குளத்தில் வடிகட்டித் துணி அலசியவள். முழங்கால் வரை பச்சையாக நின்றுகொண்டு போகிற வருகிறவரை வம்புக்கு இழுப்பாள். மகன் அதட்டினால் அவளுக்கு இன்னும் கொண்டாட்டம். போன மாதம்கூட ஆதிரையிடம் சொன்னாள்: “இவனுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது தாயி. நாளைக்கு நான் செத்தாலும், புகையாப் போயி, பாசியா மொளைச்சு, அடுப்புல வந்து நின்னு நாந்தான் இவனுக்குக் காப்பி போடணும்.”

சந்தனகுமார் பந்தலைத் தாண்டி வேப்பமரத்தடியில் நின்றான். ஆதிரை போய்ப் பக்கத்தில் நின்றாள். ஊருக்குள் அவளை அவன் ‘மேடம்’ என்பான். குளத்தங்கரையில் ‘ஆதிரை’. இன்று தன் தெருவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“நம்ம எரிமேடை விஷயம் ஒனக்குத் தெரியும்லா ஆதிரை.”

தெரியும். கீழத்தெரு எரிமேடையின் உள்சுவர் இரண்டு நாளைக்கு முன் சரிந்துவிட்டது. வெப்பம் தாங்கும் செங்கல் சேலத்திலிருந்து வர வேண்டும். அதற்கான தகவலை அனுப்பியதே அவள்தான்.

“அடுத்த வாரம்தான் கல்லு வரும்,” என்றாள். “கோயில்பட்டியில கேட்டுப் பாக்கட்டா? வண்டிக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்.”

“சித்தி மக்களும் அதத்தான் சொல்லுதாவ. போவலாம். அங்க எரிச்சா அவ புகை கோயில்பட்டிக்காரன் குளத்துக்குப் போவும். அவனுக்குக் காப்பி போட்டுக் குடுப்பா.” கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “ஊர் எரிமேடை சும்மாத்தான கெடக்கு. நடந்தா எட்டுற தூரம்.”

ஆதிரை ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கு ஒங்குளம் செத்துக் கெடந்தப்ப நான் வந்தேன். அதுக்குப் பதிலா இதக் கேக்கேன்னு நெனச்சிராத. அன்னைக்கு ஒண்ணும் கேக்கல, இன்னைக்கும் அதச் சொல்லிக் கேக்கல. அம்மா போயிட்டா, பக்கத்துல ஒரு மேடை சும்மா இருக்கு. அதனால கேக்கேன்.”

ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் மேல்குளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று புகுந்துவிட்டது. முந்தின நாள் பச்சையாக இருந்த குளம் விடிந்து பார்த்தால் சாம்பல் நிறம். மருந்தும் இல்லை, வெளியிலிருந்து விதைப்பாசி வருவதற்குள் கலம் காலியாகிவிடும். ஊர் அடுப்பு அணைந்தால் அவள் வேலை போகும் என்பது ஒரு பக்கம். கீழத்தெருக்காரன் எதையோ கலந்துவிட்டான் என்று யாராவது ஒரு வாய் சொன்னால் போதும் என்பது இன்னொரு பக்கம். சந்தனகுமார் இரண்டாவதையும் யோசித்தவன். வரப்புக்கு அடியில் பழைய வடிகால் குழாய் ஒன்று கிடந்ததைத் தோண்டியெடுத்து, நடுவில் ஒரு வால்வை வைத்து, கீழ்க்குளத்துப் பாசியை மேல்குளத்துக்கு விட்டான். நாலைந்து நாளில் மேல்குளம் மறுபடி பச்சையானது.

பிழைத்ததே தவிரப் பழைய தெம்பு வரவில்லை. அரிசி ஆலையில் பாதி வேலை வெயில் கொதிகலனுக்கு மாறி, ஊர்ப்புகை குறைந்தது. இருக்கிற புகையையும் நோஞ்சான் குளத்தால் தின்ன முடியவில்லை. எனவே இருவருமாக, யாருக்கும் சொல்லாமல், ஊர்ப்புகையைக் கீழ்க்குளத்துக்குத் திருப்பினார்கள். அங்கே மிஞ்சிய வாயுவை இன்னொரு வால்வு வழியாகத் தினமும் ஊர்க் கலத்துக்கு ஏற்றினார்கள். ஊரின் புகையைக் கீழ்க்குளம் தின்றது. கீழ்க்குளத்தின் வாயுவை ஊர் எரித்தது. மேல்குளம் வெயிலில் வட்டம் வந்துகொண்டிருந்தது, விருந்தினருக்குக் காட்டுவதற்கு.

“நான் போய் சித்தப்பாட்ட பேசுதேன்,” என்றாள் ஆதிரை.

“ஒனக்கு எதுக்குச் சங்கடம்?”

“பேசிட்டு வாரேன்.”

*

சொர்ணவேல் ஊர் எரிபொருள் கமிட்டிக்குத் தலைவர். ஆதிரைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. கெட்ட மனிதர் இல்லை. அவளைப் பொறியியல் படிக்க வை என்று அவள் அப்பாவிடம் சண்டை போட்டவர். அவள் போனபோது கூடத்தில் உட்கார்ந்து பேரனின் மிதிவண்டிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு.

“வாம்மா. முத்துச்செல்வி போயிட்டாளாமே. பாவம், நல்ல பொம்பள. வாய்தான் கொஞ்சம்.” உள்ளே திரும்பி, “கோமதி, ஆதிரை வந்திருக்கா,” என்றார்.

ஆதிரை நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் சங்கிலியை விட்டுவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“கோயில்பட்டிக்குக் கொண்டு போகச் சொல்லு. வண்டிச் செலவு கமிட்டி குடுக்கட்டும். நான் பொறுப்பு.”

“வண்டிக்காக யாரும் கேக்கல சித்தப்பா.”

“பெறவு?”

“இங்க இருந்தவ. இங்கயே எரியணும்னு கேக்கான்.”

“அது நடக்குற காரியமா? நீயே சொல்லு. எனக்கு என்ன, நான் சரின்னுருவேன். நாளைக்கு நாலு பேரு வந்து இந்த வாசல்ல நிப்பான். ஒரு தடவ வழி விட்டா அது வழக்கமாயிரும்பான். அந்தக் கொட்டகையில என் அப்பாவ எரிச்சிருக்கு, ஒன் தாத்தாவ எரிச்சிருக்கு.”

கோமதி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஆதிரையிடம் கொடுத்துவிட்டு, தூணருகே நின்றுகொண்டாள். 

ஆதிரை தண்ணீரைக் குடித்து முடித்தாள். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாததை இந்தக் கூடத்தில் சொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே குனிந்து தம்ளரைத் தரையில் வைத்தாள்.

“சித்தப்பா, நான் ஒண்ணு சொல்லணும். நம்ம மேல்குளம் ஆறு வருஷத்துக்கு முன்னாலயே செத்துப்போச்சு. இப்ப அதுல இருக்கிறது கீழ்க்குளத்துப் பாசி. நம்ம அடுப்புல எரியிறதும் அங்கயிருந்து வாரதுதான். வால்வ வச்சது நானும் சந்தனமும். அவங்க புகைதான் சித்தப்பா இத்தன வருஷமா இந்த வீட்ல சோறு பொங்குது.”

சொர்ணவேல் அவளைப் பார்த்தார். கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள்.

“தெரியும்மா,” என்றார்.

கை துடைத்த துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“குளம் சாம்பலாக் கெடந்தத நான் பாத்தேன். நடைக்குப் போற வழிதான. நாலு நாள்ல திரும்பப் பச்சையாயிட்டு. பாசி என்ன, வானத்துலருந்தா விழும்? ஏதோ பிள்ளைக சமாளிச்சிட்டாவன்னு நானும் பேசாம வந்துட்டேன்.”

“ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா?”

“ரேஷன் கடைக்காரனுக்குத் தெரியும். ஆலைக்காரருக்குத் தெரியும். ஒங்க அப்பாவுக்கே தெரியும்னு நெனைக்கேன். யாரும் யார்ட்டயும் சொன்னதில்ல. நீயும் சொல்லலலா? அப்படித்தான் ஊரு நடக்கும்.”

“அப்ப எரிமேடைக்கு மட்டும் என்ன சித்தப்பா?”

“குழாய்க்குள்ள போறத யாரும் பாக்கல. வாசல் வழியா வார பாடைய எல்லாரும் பாப்பாங்க.” அவர் குரல் தணிந்தே இருந்தது. ஒரு கணக்கை விளக்கும் வாத்தியாரின் பொறுமை அதில் இருந்தது. “நீ படிச்சவ. இதப் போட்டு மனசுல ஒழப்பிக்காத. கோயில்பட்டிக்கு நானே போன் போடுதேன்.”

ஆதிரை நகர்ந்த மாதிரியே இல்லை. ஆனால் வாசலுக்கு வந்திருந்தாள். செருப்பை மாட்டும்போது திரும்பிக் கேட்டாள்.

“ஒப்பந்தத்துல என்ன இருக்கு சித்தப்பா? ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு எதுவும் போகக்கூடாது. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“சரி,” என்றாள்.

*

வரப்புக்கு நடுவே சிமெண்டுப் பலகை மூடிய ஒரு பள்ளம். அதற்குள் ஊர்க் கலத்துக்கு வாயு ஏற்றும் வால்வு, கைக்கு அடக்கமான ஒரு சக்கரம், அவ்வளவுதான். ஆதிரை பலகையை நகர்த்தி உள்ளே கை விட்டாள். பாதி சுற்றியதும் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குத் தனிக் குழாய். அதற்கு இதனால் பாதகம் இல்லை. பால் காய்ச்ச வேண்டிய வீடுகள் இருக்கும். மெயின் ரோட்டில் மூன்று கடைகள் இருக்கின்றன. தன் வீட்டில் அடுப்பு இதே குழாயில்தான் எரிகிறது. மகள் ஏழு மணிக்குத் தோசை கேட்பாள். இவ்வளவையும் யோசித்தாள். தான் செய்யப்போவது நியாயமா, மிரட்டலா என்று யோசித்தபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை ஆறு வருடத்தில் முதன்முதலாக நிறைவேற்றுகிறோம் என்று மட்டும் தோன்றியது. 

சந்தனகுமாருக்குப் போன் செய்தாள். “வால்வ மூடப்போறேன்.”

எதிர்முனையில் ஒப்பாரிச் சத்தம் தூரத்தில் கேட்டது.

“வேண்டாம்,” என்றான். “எங்க தெருவத்தான் சொல்லுவாவ. நாந்தான் அடைச்சேம்பாவ.”

“நான் மூடுனேன்னு நான் சொல்லுவேன். என் குளம், என் வால்வு. நீ ஒண்ணும் செய்யல. நீ ஒங்கம்மா பக்கத்துல உக்காந்திரு.”

“ஆதிரை...”

“வைக்கேன்.”

சக்கரத்தைக் கடைசி வரை சுற்றினாள். எந்தச் சத்தமும் வரவில்லை. மேல்குளம் வழக்கம்போல வட்டம் வந்துகொண்டிருந்தது.

ஊர்க் கலத்தில் அன்றைய மிச்சம் மட்டும்தான் இருந்தது. மேல்குளத்துத் தொட்டி தன் பங்குக்குக் கொடுத்தது ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. சாயங்காலக் காப்பிக்கு அடுப்புகள் எரிந்தன. விளக்கு வைக்கும் நேரத்தில் சுடர் குள்ளமாகத் தொடங்கியது. நீலம் மங்கி, விளிம்பில் மஞ்சள் தட்டி, பர்னரின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக அணைந்தது. பாதி வெந்த சோற்றோடு குக்கர்கள் மௌனமாயின. வடக்குத் தெருவில், பிள்ளையார் கோயில் தெருவில், ஆலைக்காரர் வீட்டில், ஆதிரையின் வீட்டில்.

ஆதிரை பம்பு அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை மேசைமேல் வைத்தாள். ஊரே கூப்பிடும் என்று எதிர்பார்த்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லியும் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. கீழத்தெருப் பக்கமிருந்து பறைச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் ஊர் முழுக்க அடுப்பு எரியாமல் கிடக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படிப் பார்த்தால் இன்று ஒவ்வொரு வீடும் இழவு வீடு.

தன்னைப் போலவே இன்னும் சிலருக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரே ஓர் அழைப்பு வந்தது. சொர்ணவேல்.

“என்னம்மா, மிஷின்ல கோளாறா?”

“கோளாறு ஒண்ணும் இல்ல சித்தப்பா. ஒப்பந்தப்படி ஓடுது.”

பின்னால் கோமதி யாரிடமோ ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் பசியாக் கெடக்காங்கம்மா. அடுப்பு எப்போ எரியும்?”

இந்தக் கேள்வியை இழவு வீட்டில் பசித்த குழந்தைகள் கேட்கும். அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்.

“எடுத்த பெறவு, சித்தப்பா.”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார் போல, சத்தம் அமுங்கியது. கோமதியின் குரல் மட்டும் ஒரு வாக்கியம் முழுசாகக் கேட்டது: “எந்தத் தெருன்னா என்ன, சாவு சாவுதான? பிள்ளைக பசியில கெடக்குதுக, சாவியக் குடுங்க.” பிறகு சொர்ணவேல் திரும்ப வந்தார்.

“வாட்ச்மேன்ட்ட சாவி இருக்கு. வாசல் வழியா வேண்டாம். பின்பக்கம் ஆலை ரோட்டு வழியா கொண்டு வரச் சொல்லு.”

“வாசல் வழியாத்தான் வருவாங்க.”

“நீ என்ன வெலை பேசுதியா?”

“இல்ல சித்தப்பா. பாடை தூக்குறவங்களுக்கு ஆலை ரோடு சுத்து.”

“சரி, வரட்டும். வெளக்க அமத்திரச் சொல்லுதேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தெருவிளக்கை அணைத்துத்தான் வைத்தார்கள். ஆனால் அன்று நல்ல நிலா. முத்துச்செல்வி ஊர்ச் சுடுகாட்டு வாசல் வழியாகப் போனதை, சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் விழித்திருந்த எல்லாருமே பார்த்தார்கள்.

ஊர் எரிமேடைக்கு வாயு வருவதும் ஊர்க் குழாயில்தான். அங்கிருந்து போனில் சந்தனகுமார், “சரி ஆதிரை,” என்று ஒரு சொல் சொன்னதும் அவள் வரப்புக்குப் போய்ச் சக்கரத்தைத் திருப்பினாள். எரிமேடையின் சுடரும் ஊர் அடுப்புகளின் சுடரும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் உயிர் பிடித்தன. பாதியில் நின்ற சோறு வெந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்க்குளத்து மூலையில், புகைக்குழாய் முடியும் இடத்தில், குமிழிகள் வரத் தொடங்கின. ஆதிரை டார்ச்சை அடித்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முத்துச்செல்வி எப்போதும் நின்று துணி அலசுகிற மூலை அதுதான்.

*

யாரும் அவளைக் கேட்கவில்லை. கமிட்டியும் கூடவில்லை. அணைந்த அடுப்பைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் எழவில்லை. எழுந்தால் அது ஏன் அணைந்தது என்றும், எப்படித் திரும்ப எரிந்தது என்றும் பேச வேண்டியிருக்கும். 

ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஊர் எரிமேடையில் தீட்டுக் கழிக்கும் பூசை வைத்தார்கள். அர்ச்சகர் கொட்டகையைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குளத்துப் பொறுப்பாளர் என்ற முறையில் ஆதிரையும் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது சந்தனகுமாரிடம் சொன்னாள்.

அவன் வடிகட்டித் துணியை அலசிக்கொண்டிருந்தான். அம்மா இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. “சுடுகாட்டுக்கே தீட்டுப் பட்டுச்சுன்னு இப்பதான் கேள்விப்படுதேன்,” என்றான். “போயிட்டு வா. காப்பி குடுப்பாவ.”

பூசை முடிந்து எல்லாரும் சொர்ணவேல் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். ஆலைக்காரர், ரேஷன் கடைக்காரர், கமிட்டி ஆட்கள். கோமதி அடுப்படியில் பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நீலச் சுடர் பாத்திரத்தின் அடியைச் சீராகப் பற்றியிருந்தது. தம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு வந்தன. 

சொர்ணவேல் ஆதிரையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

“ஏம்மா, புகை அங்க போயி, பாசியாகி, வாயுவாகி, அடுப்புக்கு வர எத்தன நாளாகும்?”

“ரெண்டு வாரம் ஆகும், சித்தப்பா.”

அவர் தம்ளரைப் பார்த்தார். நுரை அடங்கும் வரை பார்த்தார். எதிரே ஆலைக்காரரும் ரேஷன் கடைக்காரரும் இந்த வருடத்து மழையைப் பற்றிப் பேசியபடி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆதிரை தன் தம்ளரை இன்னும் வாயில் வைக்கவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணவேல் காப்பியை நிதானமாக, அடிவரை குடித்தார். காலித் தம்ளரை உள்ளே நீட்டினார்.

“கோமதி, இன்னும் கொஞ்சம் ஊத்து.”